தோட்ட வேலைக்கு மலேசியா வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் காதில் விழுவது தமிழ். கோயில் உண்டு, தோசைக்கடை உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு. மலேசியாவில் அமைச்சராக இருந்த தமிழர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தமிழ்நாட்டில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு மனம் குளிர்ந்துவிடும். "நம்ம ஆளுங்கதானே, பார்த்துக்குவாங்க" என்பார்கள். என் மளிகைக் கடைக்கு வருகிறவர்களிடம் நான் பார்த்த முதல் தவறு அதுதான். ஏமாற்றுகிறவனும் தமிழில்தான் பேசுகிறான், "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறான்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் அரிசி வாங்க வந்தான். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். சட்டைப்பையில் இருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பிரித்தான். உள்ளே நாலாக மடித்த ஒரு நகல். மடிப்பில் மை உதிர்ந்து பிறந்த தேதியே பாதி இல்லை. அசல் புத்தகம் ஏஜெண்டிடம் இருந்தது. அவன் வந்ததோ சுற்றுலாப் பயணியாக.

2023 டிசம்பரில் இருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம். இது ஊர் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு, வேலைக்கு இல்லை. தோட்ட வேலைக்கு, நீங்கள் ஊரில் இருக்கும்போதே முதலாளி பெயரில் குடிநுழைவு இலாகாவின் ஒப்புதல் வந்திருக்க வேண்டும். "இறங்கினதும் பெர்மிட் போட்டுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நில்லுங்கள். 31ஆம் நாள் காலையில் நீங்கள் சட்டவிரோதக் குடியேறி. பிடிபட்டால் தடுப்பு முகாம், அபராதம், சிறை. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள்ளும் சோதனைக்கு வருவார்கள்.

ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணத்தில் அடுத்த தவறு. இந்திய அரசிடம் பதிவு செய்த ஏஜெண்ட் ரூ.30,000-மும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பத்தாவது தேறாதவர்களுக்குக் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற இந்திய அரசு அதிகாரியின் அனுமதியும் வேண்டும். அவருக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. தாலியை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், கடன் அடையும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தப் பயம்தான் ஏஜெண்டுக்கு மூலதனம்.

பாஸ்போர்ட்டைக் கையில் இருந்து விடாதீர்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெர்மிட் புதுப்பிக்கக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கொடுங்கள்.

சம்பளக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது. நாங்கள் வெள்ளி என்போம். செம்பனைப் பழக்குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று பேசினாலும் மாத முடிவில் அதற்குக் கீழே போகக்கூடாது. வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ள அரசுக்குக் கட்டும் லெவி என்ற வரியும் முதலாளி கட்ட வேண்டியது. உங்கள் சம்பளத்தில் பிடித்தால் கேளுங்கள். கிராணியிடம் (தோட்டக் கணக்கரிடம்) சம்பளச் சீட்டை வாங்கி மாதா மாதம் எடுத்து வையுங்கள்.

வேலை எளிதென்று நினைக்க வேண்டாம். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலையை அறுக்க வேண்டும். 20 கிலோ குலை தலைக்கு மேலே இருந்து விழும். அடிபட்டால் மருந்து போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே மேலாளரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2019இல் இருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ என்ற அரசுக் காப்புறுதியின் பாதுகாப்பு உண்டு.

சம்பளம் தரவில்லை என்றால் இரவோடு இரவாக வேறு தோட்டத்துக்கு ஓடுகிறார்கள். எனக்கு மிகவும் வலிக்கிற தவறு இது. பெர்மிட் அந்த முதலாளிக்கு மட்டும்தான் செல்லும். ஓடினால் நியாயம் கேட்க வேண்டிய நீங்களே குற்றவாளி ஆகிவிடுவீர்கள். ஓடுமுன் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்திலும் கேட்கலாம். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தின் எண்ணை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். போனை முதலில் பிடுங்குவார்கள்.