பல்லைப் பிடுங்கியாச்சு, அப்புறம்?

பல்வலியோடு வருகிறவர் "பிடுங்கிவிடுங்க டாக்டர்" என்று சொல்வதற்கு வலி மட்டும் காரணமில்லை. பிடுங்கினால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். பல்லை எடுக்காமல் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை வரவேண்டும், அப்புறம் பல்லுக்கு மேலே மாட்டும் கேப் வேறு, சித்தாள் வேலைக்கோ லோடு ஏற்றவோ போகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். இதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது, கணக்குப் பார்த்துத்தான் பிடுங்குகிறார்கள். பிடுங்கிய இடத்தில் பல் கட்ட ஆகும் செலவுதான் அந்தக் கணக்கில் விட்டுப்போகிறது.

"கடைவாய்ப் பல்தானே, சிரித்தால் தெரியவா போகிறது?" என்று விட்டுவிடுவதுதான் எல்லாத் தரப்பிலும் நடக்கும் பெரிய தவறு. ஞானப்பல் என்றால் சரி, அதற்குப் பெரும்பாலும் மாற்று தேவையில்லை. மற்றதென்றால் பக்கத்துப் பல் மெல்ல அந்த இடைவெளிக்குள் சாயும், எதிர்வரிசைப் பல் கடிக்க எதுவும் இல்லாமல் இறங்கிவரும், சாய்ந்த இடுக்கில் சோறும் நாரும் சிக்கி நல்ல பல்லும் சொத்தையாகும். தாடை எலும்பும் தேயும், அதிலும் முதல் வருடத்தில்தான் அதிகம். நாலைந்து வருடம் கழித்துப் பல் கட்டப் போனால் இடமும் இருக்காது எலும்பும் இருக்காது, செலவு கூடிப்போகும். அதனால் பிடுங்கும் அன்றைக்கே, அடுத்து என்ன வைப்பது, எப்போது வைப்பது என்று கேட்டுவிடுங்கள்.

சொத்தையே இல்லாமல் பல் ஆடினால் ஈறைப் பாருங்கள், சுகரையும் பாருங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். "கிளீனிங் பண்ணினால் பல் ஆட ஆரம்பிச்சிடும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். உண்மையில் பல் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கும், பல்லில் படிந்து இறுகிய காரை அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும், அவ்வளவுதான். மேல்பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்பதும் இதே ரகம். ஆனால் இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் எடுப்பதற்காக அதைத் தாங்களாகவே நிறுத்துவது நிஜமாகவே ஆபத்து, டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

குறைந்த காசில் ஒரே மணி நேரத்தில் "பிக்ஸ்டு பல்" கட்டித்தரும், படிப்பில்லாத ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பியைச் சுற்றி, ரோஸ் நிற அக்ரிலிக்கைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து அப்பிவிடுவார்கள். கழற்றவும் முடியாது, அடியில் பிரஷ்ஷும் போகாது, கொஞ்ச நாளில் நாற்றம் எடுத்து, தாங்கிய பற்களும் ஆட ஆரம்பிக்கும்.

காசுள்ளவர்கள் செய்கிற தவறு வேறு மாதிரி. காப்பாற்றக்கூடிய பல்லையும் எடுத்துவிட்டு, தாடை எலும்பில் திருகு மாதிரிப் பதிக்கும் இம்ப்ளாண்ட் போடச் சொல்வார்கள், டைட்டானியம் ஆயிற்றே, சொத்தை வராதே என்று. சொத்தை வராதுதான், ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறில் சீழ் பிடிக்கலாம், எலும்பு கரையலாம். சிகரெட்டை விடாதவருக்கும் சர்க்கரை எகிறிக்கிடப்பவருக்கும் இம்ப்ளாண்ட் தோற்க வாய்ப்பு அதிகம். இடையில் இருப்பவர்கள், பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்து நடுவில் பல் கட்டும் பிரிட்ஜுக்குப் போவார்கள். அதற்கு இரண்டு பக்கத்துப் பல்லையும் செதுக்க வேண்டும் என்பது பலருக்கு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. முதலிலேயே கேளுங்கள்.

கழற்றி மாட்டும் பல் செட்டை மட்டமாக நினைக்க வேண்டாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் செட் செய்து தருகிறார்கள், தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் குறைவாகத்தான் ஆகும். பல தடவை வரவேண்டியிருக்கும், எத்தனை தடவை என்று முதல் நாளே கேட்டுக்கொண்டால் லீவு சொல்ல வசதி. செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள், கொதிநீரில் போட்டால் கோணிவிடும். உடைந்தால் கடைப் பசை போட்டு ஒட்டாதீர்கள்.

முதல் சில நாள் எச்சில் ஊறும், பேச்சு குழறும், எங்காவது குத்தும். பலர் அதோடு டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். குத்துகிறது என்றால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கொடுப்பார்கள். போகும்போது சில மணி நேரமாவது செட்டை மாட்டிக்கொண்டு போங்கள், ஈறில் சிவந்திருந்தால்தான் எங்கே குத்துகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.