மாஸ்க் வாங்குவது கடைசி வேலை: வேலையிடத்து ரசாயனங்களைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

"இனிமேல் ரசாயனப் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு" என்று யாராவது சொன்னதும் பலரும் முதலில் செய்வது, பெட்டி பெட்டியாக மாஸ்க் வாங்கிப் போடுவதுதான். வரிசையில் அது கடைசியில் வர வேண்டியது. காரணத்தை அந்த இடம் வந்ததும் சொல்கிறேன். இப்போதைக்கு ஒரு நோட்டும் டார்ச் லைட்டும் போதும்.

1. சுற்றி வந்து பட்டியல் எடுங்கள்

ஸ்டோர் ரூமில் இருக்கும் டப்பாக்களை மட்டும் எழுதினால் பாதிப் பட்டியல்தான் கிடைக்கும். கல் அறுக்கும் தூசி, வெல்டிங் புகை, மரத்தூள், டீசல் புகை இவையெல்லாம் லேபிளோடு வருவதில்லை; வேலை நடக்கும்போதே உண்டாகின்றன. அவற்றையும் எழுதுங்கள். துப்புரவு செய்பவரின் வாளியையும் எட்டிப் பாருங்கள். பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிடும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

சுற்றும்போது குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்த தின்னர் ஒன்றாவது கண்ணில் படும். படாவிட்டால்தான் ஆச்சரியம். "எங்களுக்குத் தெரியுமே" என்பார்கள். தாகத்தோடு உள்ளே வரும் புது ஆளுக்குத் தெரியாதே! அங்கேயே நின்று சரியான கேனுக்கு மாற்றி, பெயர் எழுதி ஒட்டிவிட்டு நகருங்கள்.

2. பாதுகாப்புத் தரவுத் தாளைப் படியுங்கள்

ஒரு ரசாயனத்தின் ஆபத்தையும் அதைக் கையாளும் முறையையும் சொல்லும் தாள் இது (Safety Data Sheet). விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் 16 பிரிவுகள் இருக்கும், மலைக்க வேண்டாம். தொடக்கத்தில் நான்கு போதும்: 2 (என்ன ஆபத்து), 4 (முதலுதவி), 8 (எவ்வளவு வரை தாங்கலாம், எந்தக் கையுறை), 10 (எதோடு சேரக் கூடாது).

டப்பாவில் சிவப்புக் கரையிட்ட சாய்சதுரப் படங்களையும் பாருங்கள். மண்டையோட்டைக் கண்டால் எல்லோரும் பயப்படுவார்கள். மார்பில் நட்சத்திரம் வெடித்தாற்போன்ற மனித உருவத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. புற்றுநோய், ஆஸ்துமா, உறுப்புப் பாதிப்பு போன்றவற்றைக் குறிக்கும் படம் அது.

3. உடம்புக்குள் எப்படிப் போகிறது?

ஒருவர் வேலை செய்வதை அரை மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். பெயின்ட் கறையைத் தின்னரால் துடைப்பார். அது தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து, தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். அதே கையோடு சாப்பிட உட்காருவார்.

அப்புறம் டார்ச். விளக்குகளைக் குறைத்துவிட்டு, தூசி எழும் இடத்துக்குப் பின்னாலிருந்து உங்கள் பக்கமாக ஒளி வருமாறு அடித்துப் பாருங்கள். சும்மா பார்த்தால் சுத்தமாகத் தெரிந்த காற்றில் மேகம்போலத் தூசி சுழலும். நுரையீரலின் அடிவரை போகும் துகள்கள் பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குச் சிக்காது.

மூக்கையும் நம்ப முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்பமே மரத்துப்போகும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

4. மேலிருந்து கீழாகத் தடுங்கள்

தடுக்கும் வழிகளில் வலுவானது மேலே, பலவீனமானது கீழே; மேலே உள்ளது முடியாதபோதுதான் அடுத்ததுக்கு இறங்க வேண்டும். முதல் கேள்வி: இந்தப் பொருள் இல்லாமலே வேலை நடக்குமா? நடக்காதென்றால், ஆபத்து குறைந்த மாற்று உண்டா? தின்னர் பெயின்டுக்குப் பதில் தண்ணீரில் கரையும் பெயின்ட், தூளுக்குப் பதில் குருணை. மாற்றின் தரவுத் தாளையும் படித்துவிட்டே வாங்குங்கள்.

அதுவும் முடியாதா? கிளம்பும் இடத்திலேயே பிடியுங்கள். கல்லைத் தண்ணீர் விட்டு அறுக்கலாம். துடைப்பத்தையும் தூசியை ஊதித் தள்ளும் காற்றுக் குழாயையும் ஒதுக்கிவிட்டு, நுண்தூசி வடிகட்டி உள்ள வாக்குவம் வைக்கலாம். உறிஞ்சு குழாய் போட்டால் அதன் வாய் வேலைக்கு மிக அருகில் இருக்க வேண்டும்: குழாயின் விட்டம் அளவு தள்ளிப்போனாலே இழுவிசை வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு டிஷ்யூ கீற்றை வேலை நடக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். அசையவில்லையென்றால் அந்தக் குழாய் வெறும் சத்தம்தான் போடுகிறது.

ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துவது, நேரத்தைக் குறைப்பது எல்லாம் இதற்குப் பிறகு.

5. இப்போது மாஸ்க்

கடைசியில் வைத்ததற்குக் காரணம் இதுதான்: மற்றவை தூசியையே குறைக்கின்றன, மாஸ்க், வியர்வையில் நனைந்த ஒரு மனிதர் ஷிஃப்ட் முழுக்க அதைச் சரியாகப் போட்டிருப்பார் என்று நம்புகிறது. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். என்95 துகள்களைத்தான் தடுக்கும். தின்னர் ஆவிக்கு அதற்கென்ற கார்ட்ரிட்ஜ் (மாஸ்க்கில் பொருத்தும் வடிகட்டி) வேண்டும். கையுறையும் அப்படித்தான். எண்ணெய்க்கு நன்றாக உழைக்கும் மெல்லிய நைட்ரைல் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) கையுறையை அசிட்டோன் என்ற கரைப்பான் சீக்கிரமே ஊடுருவிவிடும்.

6. ஆளைக் கேளுங்கள்

மருத்துவப் பரிசோதனை அவசியம். அதற்கு நடுவே மாதம் ஒருமுறை இந்தக் கேள்வியைக் கேட்டு வையுங்கள்: "லீவு நாளில் இருமல் குறைகிறதா?" ஆமாம் என்றால் வேலையிடத்தின் மேல் சந்தேகப்பட வேண்டும். தரவுத் தாளின் நகலோடு அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். நீங்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் நிற்கும் இடத்துக்குப் போங்கள்.