ரோமானிய வெள்ளிக்காசு கைக்கு வந்தால் எப்படிச் சோதிப்பது?

வைகை மணலில் எடுத்தது என்று சொல்லி வெள்ளிக்காசு ஒன்றை நீட்டினால் சற்று சந்தேகப்படுங்கள். மதுரைப் பக்கம் ஆற்றில் அதிகம் அகப்படுபவை பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள்தான். தினாரியஸ் எனும் வெள்ளிக்காசுப் புதையல்கள் பெரும்பாலும் கொங்குப் பக்கம் கிடைத்தவை.

முதலில் எடை. மில்லிகிராம் காட்டும் தராசு தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் இருக்கும். உரைகல்லில் உரசவோ ஆசிட் வைக்கவோ மட்டும் விடாதீர்கள். ரோமப் பேரரசர் திபேரியஸ் (ஆட்சி கி.பி. 14–37) காசு ஏறத்தாழ 3.6 முதல் 3.9 கிராம், குறுக்களவு 18 மி.மீ. அளவில் இருக்கும்.

அடுத்து தண்ணீரில் எடை. கனமான டம்ளரை அந்தத் தராசு தாங்காது. சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் ஊற்றி வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்குங்கள். தராசு காட்டுவது காசு விலக்கும் தண்ணீரின் எடை: 3.70 கிராம் காசு நல்ல வெள்ளி என்றால் 0.36 கிராம் அளவில் காட்டும். 0.41 என்றால் உள்ளே செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு. பழங்காலத்திலேயே அப்படிக் கள்ளக்காசு அடித்திருக்கிறார்கள், அதனால் அதையும் தூக்கிப் போட வேண்டாம். 0.50 வந்தால் பெரும்பாலும் வெள்ளீயத்தில் வார்த்த போலி. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அளவு கூடி, நல்ல வெள்ளியும் போலி போலத் தெரியும். குமிழியைத் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். நல்ல வெள்ளியிலேயே செய்த போலி இதில் தேறிவிடும் என்பதால் லென்ஸ் அவசியம். வார்த்த காசில் எழுத்தோரம் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிக்குழிகள் தெரியும், விளிம்பில் அரம் போட்ட தடம் இருக்கும்.

முன்புறம் இலைமுடி சூடிய திபேரியஸின் தலை வலப்பக்கம் பார்க்கும். சுற்றெழுத்து அவரைத் 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்கிறது. பின்புறம் நாற்காலியில் ஒரு பெண், ஒரு கையில் நெடுங்கோல், மறு கையில் கிளை. பேரரசரின் தாய் லிவியா என்பது பரவலான கருத்து. நாற்காலிக் கால்களைக் கவனியுங்கள்: வெறுமையா, கடைசல் வேலையா என்பதை வைத்தே வகை பிரிக்கிறார்கள். இரண்டு இளைஞர்கள் நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருந்தால் அது முந்தைய பேரரசர் அகஸ்டஸின் காசு. நிற்பவர்கள் அவருடைய பேரன்கள் கையஸ், லூசியஸ்.

விபூதியோ புளியோ போட்டுத் துலக்கினால் கறுப்போடு நுண்கோடுகளும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் போதும். பழைய வெள்ளி நொறுங்கும், தரையில் விழவிடாதீர்கள்.

மண்ணிலிருந்து எடுத்தது என்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். எடுத்த இடத்தையும் கூடக் கிடந்தவற்றையும் அன்றே எழுதி வையுங்கள்.