வாராந்தர சர்க்கரை ஊசி: இந்த அவசரங்கள் வேண்டாம்

சர்க்கரை நோய்க்கும் எடை குறைக்கவும் வாரம் ஒருமுறை போடும் பேனா ஊசியைப் ‘புது இன்சுலின்’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஓசெம்பிக், வெகோவி ஊசிகளில் இருக்கும் செமக்ளுடைடு, சாப்பிட்டதும் நம் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து. அந்த ஹார்மோன் ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். இந்த மருந்தோ பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். மவுன்ஜாரோ ஊசியில் உள்ள டிர்செபடைடு, ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. எதுவும் இன்சுலினுக்கு மாற்று இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பே ஏறக்குறைய நின்றுபோன டைப் 1 சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்திவிட்டு இதற்கு மாறினால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு அதிகம் கவலை தருவது பழைய மாத்திரைதான். இந்த ஊசி மட்டும் போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அரிது. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ கூடவே எடுப்பவர்களுக்கு அப்படியில்லை. பசி குறைந்து சாப்பாடு பாதியாகியிருக்கும், மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போகும். வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்து நிற்கும். கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாக வருவதால், கிளிமெபிரைடை விழுங்குவதே பலருக்குத் தெரிவதில்லை. ஊசி தொடங்கும் முன் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘கிளிப்டின்’ என்று முடியும் பெயர் இருந்தால் அதையும் சுட்டிக்காட்டுங்கள். அதுவும் ஜிஎல்பி-1 வழியாகவே வேலை செய்வதால், இரண்டையும் சேர்த்து எடுப்பதில் பெரிய பலன் இல்லை.

அடுத்தது அளவைக் கூட்டும் அவசரம். செமக்ளுடைடு ஊசி 0.25 மி.கி., டிர்செபடைடு 2.5 மி.கி. என்று முதல் நாலு வாரம் கொடுப்பது உடம்பு பழகத்தான். ‘எடை குறையவே இல்லையே’ என்று தானாகக் கூட்டினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் படுத்திவிடும். நீர்ச்சத்து வற்றினால் சிறுநீரகமும் பாதிக்கப்படும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் கடும் வலி விடாமல் இருந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு வாரம் ஊசி தவறிவிட்டால் மறுவாரம் இரண்டாகப் போடவே கூடாது.

செமக்ளுடைடு மாத்திரையான ரைபெல்சஸை காலைக் காபியோடு விழுங்குவது காசைக் கரைப்பதுதான். வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் போகாத வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஊசிப் பேனாவை ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த மருந்து இளகினாலும் உதவாது.

குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் செமக்ளுடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருந்து டாக்டருக்கும் இந்த ஊசி பற்றித் தெரிய வேண்டும்: இரைப்பை காலியாவதை இது தாமதப்படுத்துவதால், இரவு முழுக்கப் பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் சாப்பாடு மிச்சம் இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.