கரூரிலிருந்து கொழும்பு வழியாக: ஏற்றுமதிப் பெட்டி நிற்கும் நாட்களைக் குறைப்பது எப்படி?

தூத்துக்குடியில் கிளம்பும் ஃபீடர் கப்பல் (பெரிய கப்பலுக்குப் பெட்டிகளைக் கொண்டு சேர்க்கும் சிறு கப்பல்) ஒரு நாளுக்குள் கொழும்பை எட்டிவிடுகிறது. அதில் போகும் பெட்டியோ (கன்டெய்னர்) கொழும்புத் துறைமுகத்தில் நெடுந்தூரம் செல்லும் பெரிய தாய்க்கப்பலுக்காக ஐந்தாறு நாள் காத்துக் கிடப்பதும், அதற்கு முன்பே கரூர்த் தொழிற்கூடத்தின் வாசலிலோ தூத்துக்குடி யார்டிலோ இரண்டு மூன்று நாள் நின்றிருப்பதும் இத்தொழிலில் உள்ளவர்களுக்குப் பழகிப்போன காட்சி. கப்பலின் வேகம் ஏற்றுமதியாளர் கையில் இல்லை. பெட்டி நிற்கும் நாட்களும், பெட்டிக்குள் காற்றாகப் போகும் இடமும் பெருமளவுக்கு அவர் கையில்தான் இருக்கின்றன. துண்டு, மேசை விரிப்பு, சமையலறைத் துணி போன்றவற்றை முழுப் பெட்டியாக ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பும் கரூர் நிறுவனத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கிரானைட் அனுப்புபவருக்குக் கணக்கு வேறு. அவருக்குப் பெட்டி நிறைவதற்கு முன்பே எடை வரம்பு வந்துவிடும்.

பின்னோக்கி எண்ணுதல்

பெரும்பாலான நிறுவனங்களில் திட்டம் உற்பத்தியிலிருந்து முன்னோக்கிப் போகிறது. தையல் முடிந்ததும் பேக்கிங், பேக்கிங் முடிந்ததும் பெட்டிக்குச் சொல்வது, பெட்டி வந்த பிறகு எந்தக் கப்பல் கிடைக்கிறது என்று பார்ப்பது என்பதே நடைமுறை. இதைத் தலைகீழாக்க வேண்டும். கொழும்பில் தாய்க்கப்பல் புறப்படும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அதைப் பிடிக்கும் ஃபீடர் எது, அந்த ஃபீடருக்குத் தூத்துக்குடி முனையத்தின் கேட் கட்-ஆஃப் (பெட்டி உள்ளே நுழையக் கடைசி நேரம்) எப்போது, அதற்கு ட்ரெய்லர் கரூரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், அப்படியானால் ஸ்டஃபிங் (பெட்டிக்குள் சரக்கை அடுக்குவது) எப்போது முடிய வேண்டும் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் வர வேண்டும். காலிப் பெட்டி தூத்துக்குடி யார்டிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது என்பதால், ட்ரெய்லர் காலியாக ஒரு முறை ஏறி, சுமையோடு ஒரு முறை இறங்குகிறது. அந்த இரண்டு பயணங்களுக்கும் ஓட்டுநரின் உறக்கத்துக்கும் உரிய நேரத்தைக் கணக்கில் சேர்க்காத அட்டவணை அட்டவணையே அல்ல.

தாய்க்கப்பலைப் பிடிக்கக்கூடிய கடைசி ஃபீடரில் ஏற்றாமல், அதற்கு முந்தைய ஃபீடரில் ஏற்றுவது என் வழக்கம். நிற்கும் நாளைக் குறைக்கச் சொல்லிவிட்டுக் கொழும்பில் இரண்டு நாள் கூடுதலாக நிற்க வைப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் கடைசி ஃபீடர் வானிலையாலோ முனைய நெரிசலாலோ அரை நாள் தாமதமானாலும் பெட்டி அடுத்த தாய்க்கப்பலுக்குத் தள்ளப்படுகிறது, அது பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். இரண்டு நாளைக் கொடுத்து ஏழு நாளைக் காப்பாற்றுவது நட்டமில்லை.

கப்பல் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஃப்ரைட் என்ற கப்பல் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பும் முகவர்) இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: ஃபீடரும் தாய்க்கப்பலும் கொழும்பில் ஒரே முனையத்துக்கு வருகின்றனவா? கொழும்பில் முனையங்கள் பல. ஃபீடர் ஒன்றிலும் தாய்க்கப்பல் மற்றொன்றிலும் அணைந்தால், பெட்டி துறைமுகத்துக்குள்ளேயே லாரியில் இடம் மாற வேண்டும். நெரிசல் நாட்களில் அந்தச் சில கிலோமீட்டர்தான் பயணம் முழுவதிலும் மெதுவான பகுதியாகிவிடுகிறது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், பெரிய நிறுவனங்கள் சூயஸைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பியப் பயணம் ஏறத்தாழ 10 நாள் நீண்டது மட்டுமல்லாமல், கப்பல்கள் அட்டவணை தவறிக் கூட்டமாக வந்து சேர்ந்ததால் 2024-இல் கொழும்பிலும் பெட்டிகள் தேங்கின. விளம்பரத் தாளில் அச்சான பயண நாட்களை நம்பி வாங்குபவருக்குத் தேதி கொடுத்தவர்கள் அப்போது பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆகவே உங்களுடைய சொந்தக் கணக்கு ஒன்று வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் காலிப் பெட்டி எடுத்த நாள், தூத்துக்குடி கேட்டில் நுழைந்த நாள், கொழும்பில் தாய்க்கப்பலில் ஏறிய நாள், சேருமிடத்தில் இறங்கிய நாள் என்ற நான்கு தேதிகளை மட்டும் ஒரு தாளில் பதிந்து வாருங்கள். இருபது முப்பது பெட்டிகள் ஆனதும் எந்த நிறுவனத்தின் பெட்டி எங்கே நிற்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். கட்டணம் குறைவு என்று நாம் நினைத்திருந்த நிறுவனம் உண்மையில் விலை கூடியது என்பதும் சில நேரம் அந்தத் தாளில்தான் தெரியவரும்.

கார்ட்டன் அளவு: யாரும் கவனிக்காத இடம்

40 அடி ஹை-கியூப் (உயரம் கூடிய வகை) பெட்டியின் உள்நீளம் சுமார் 12.03 மீட்டர், அகலம் 2.35 மீட்டர், உயரம் 2.69 மீட்டர். கன அளவு 76 கன மீட்டர் அளவில் வருகிறது. துணியைப் பொறுத்தவரை எடை வரம்பை எட்டுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும் என்பதால், இந்த 76-இல் எவ்வளவை நிரப்புகிறோம் என்பதே ஒரு துண்டுக்கு விழும் ஃப்ரைட்டைத் தீர்மானிக்கிறது. அப்படியிருந்தும் கார்ட்டன் அளவை முடிவு செய்பவர், பெட்டியின் அளவையே பாராமல், அட்டைப்பெட்டிக்காரர் வைத்திருக்கும் அச்சுக்கு ஏற்ப முடிவு செய்துவிடுகிறார்.

பலர் விரும்பும் 60 × 40 × 40 செ.மீ. கார்ட்டனை எடுத்துக்கொள்வோம். அகலவாக்கில் 60 செ.மீ. பக்கத்தை மூன்று வைத்தால் 180 செ.மீ., மீதி 55 செ.மீ. இடத்தில் திருப்பிப் போட்டு ஒரு வரிசை வைக்கலாம். உயரத்தில் ஆறு அடுக்கு. இப்படி மொத்தம் 660 கார்ட்டன், அதாவது 63.4 கன மீட்டர் ஏறும். இப்போது அதே பொருளை 57 × 38 × 36 செ.மீ. கார்ட்டனில் அடைத்துப் பாருங்கள். அகலத்தில் நான்கு வைத்தால் 228 செ.மீ., நீளத்தில் 31 வரிசைக்கு 1,178 செ.மீ., உயரத்தில் ஏழு அடுக்குக்கு 252 செ.மீ. மொத்தம் 868 கார்ட்டன், 67.7 கன மீட்டர். முன்பு 16 பெட்டியில் போன சரக்கு இப்போது 15 பெட்டியில் போய்விடுகிறது. கப்பல் நிறுவனத்தோடு பேரம் பேசி இவ்வளவு தள்ளுபடி வாங்குவது எளிதல்ல.

58 செ.மீ. வைத்தால் 232 செ.மீ. வந்து இன்னும் கச்சிதமாகப் பொருந்துமே என்று கேட்கலாம். காகிதத்தில் பொருந்தும். ஆனால் டெர்ரி துண்டு அடைத்த கார்ட்டன் ஓர் இரவுக்குப் பின் வயிறு தள்ளி நிற்கும். நான்கு கார்ட்டனும் ஆளுக்கு ஒரு செ.மீ. புடைத்தாலே நான்காவதை உதைத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும், உதைத்தால் முனை கிழியும். எனவே அளவுநாடாவை அடைத்து ஒட்டிய மறுநாள் காலையில் பிடிக்க வேண்டும், வெற்றுக் கார்ட்டனில் அல்ல. உயரத்திலும் ஒரு பொறி உண்டு. உள்ளே 2.69 மீட்டர் இருந்தாலும் கதவு வாயின் உயரம் 2.58 மீட்டர்தான். கதவோரத்துக் கடைசி வரிசைகளை அடுக்கும்போது இந்தப் 11 செ.மீ. வித்தியாசம் தெரியவரும். மேலே சொன்ன 252 செ.மீ. அடுக்கு அதற்குள் அடங்கிவிடுகிறது.

காலிப் பெட்டியை ஏற்றுக்கொள்ளும் முன்

ட்ரெய்லர் வந்து நின்றதும் ஸ்டஃபிங்கைத் தொடங்கிவிடாதீர்கள். ஒருவர் உள்ளே போய், வெளியிலிருந்து இரண்டு கதவுகளையும் சாத்தச் சொல்லி, இருட்டில் ஒரு நிமிடம் நின்று மேலும் கீழும் பார்க்க வேண்டும். கூரையிலோ மூலையிலோ ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். அந்த ஓட்டை வழியாகக் கடல்நீர் வரும். கதவைத் திறந்தவுடன் வரும் வாடையையும் கவனிக்க வேண்டும். முந்தைய பயணத்தில் தோலோ மீன்தூளோ ரசாயனமோ போயிருந்தால், பருத்தி அந்த வாடையை அப்படியே குடித்துக்கொள்ளும். தரைப்பலகை ஈரமாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். இதனால் ஒரு நாள் போகலாம். பின்னோக்கி எண்ணிய அட்டவணையில் அந்த ஒரு நாளுக்கு இடம் விட்டிருந்தால் பதற வேண்டியதில்லை.

ஈரம் தனிக் கதை. பருத்திக்குள் இயல்பாகவே 8.5 சதவீத அளவில் ஈரம் நிற்கிறது. வெப்பமான ஊரில் மூடிய பெட்டி குளிர்கடலுக்குள் நுழையும்போது, உள்ளிருக்கும் ஈரக்காற்று கூரைத் தகட்டில் குளிர்ந்து சொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்டஃபிங் செய்யும்போது இது இரட்டிப்பாகும். ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள், மேல் அடுக்கின் மீது தாள் விரியுங்கள், டிரையரிலிருந்து வந்த துண்டைச் சூடாகவே கார்ட்டனில் அடைக்காதீர்கள். மரப்பலகை எதையாவது முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதைக் காட்டும் முத்திரை அதில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரு பலகைக்காகப் பெட்டி முழுவதும் சேருமிடத்தில் நிறுத்தப்படலாம்.

எண்களும் ஆவணங்களும்

2016 ஜூலை 1 முதல், சரிபார்க்கப்பட்ட மொத்த எடையைத் தெரிவிக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. வி.ஜி.எம். என்று நாம் சொல்வது இதைத்தான். நிரப்பிய பெட்டியை எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது ஒரு முறை. கார்ட்டன்களின் எடையையும் முட்டுப் பொருட்களின் எடையையும் கூட்டி, கதவில் பொறித்திருக்கும் டேர் எடையை (காலிப் பெட்டியின் எடை) சேர்ப்பது இன்னொரு முறை. எடைமேடையை நம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வண்டியைக் காலியாக எடை போட்ட பிறகு ஓட்டுநர் டீசல் நிரப்பினால், அந்த டீசலும் உங்கள் சரக்கின் கணக்கில் ஏறிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஓட்டுநர் தொலைபேசியில் சொன்ன பெட்டி எண்ணை எழுதிக்கொண்டவர், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டார். ஷிப்பிங் பில்லிலும் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பு) எடைப் படிவத்திலும் அதே எண் போனது. கேட்டில் வண்டி நின்றது, திருத்தம் முடிய இரவு போனது, ஃபீடர் கிளம்பிவிட்டது, கொழும்பில் தாய்க்கப்பலும் தவறியது. பெட்டி எண் என்பது நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாகக் கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கம் ஆகியவற்றால் ஆனது. முந்தைய பத்தையும் வைத்துக் கணக்கிட்டால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். அந்தக் கணக்கை ஒரு முறை போட்டிருந்தால் தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும். அன்றிலிருந்து எண்ணை யாரும் வாயால் சொல்வதில்லை. கதவையும் சீலையும் எடுத்த புகைப்படத்தை ஓட்டுநர் அனுப்புகிறார், அதைப் பார்த்தே தட்டச்சு செய்கிறோம்.

சொந்த வளாகத்திலேயே ஸ்டஃபிங் செய்து, ஆர்.எஃப்.ஐ.டி. மின்னணு சீல் பூட்டும் அனுமதி உங்களுக்கு இருந்தால், சி.எஃப்.எஸ். என்ற பெட்டிச் சரக்கு நிலையம் வழியாகப் போகாமல் நேரடித் துறைமுக நுழைவு முறையில் வண்டியை முனையத்துக்கே அனுப்பலாம். நிற்கும் நாட்களில் பெரிய பங்கு இங்கேதான் குறையும். அதற்கு ஷிப்பிங் பில் வண்டி கிளம்பும் முன்பே ஐஸ்கேட் என்ற சுங்கத்துறை இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும், சீல் எண்ணும் வண்டி எண்ணும் அதோடு பொருந்தியிருக்க வேண்டும்.

அமெரிக்கச் சரக்குக்கு, அந்நாட்டுக்குப் போகும் கப்பலில் ஏற்றப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாக இறக்குமதியாளர் தரப்பில் பாதுகாப்பு விவரப் பதிவு நடந்திருக்க வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. பதிவு செய்வது அவர் பொறுப்பு என்றாலும், உற்பத்தியாளர் முகவரியும் ஸ்டஃபிங் நடந்த இடமும் உங்களிடமிருந்துதான் போக வேண்டும் என்பதால், அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூனில் கடல்வழிச் சரக்குக்கும் தன் புதிய முன்னறிவிப்பு முறையைக் கொண்டுவந்த பிறகு, ‘பருத்திப் பொருட்கள்’ என்ற மொட்டையான விவரிப்பு போதாது. ஆறு இலக்க எச்.எஸ். குறியீட்டோடு (சர்வதேசச் சரக்கு வகைப்பாட்டு எண்) ‘பருத்தி டெர்ரி துண்டு’ என்று தெளிவாக எழுத வேண்டும்.

விற்பனை நிபந்தனையும் அக்கரையில் நிற்கும் நாட்களும்

நம் ஊரில் பழக்கத்தால் எல்லா ஒப்பந்தத்திலும் எஃப்.ஓ.பி. என்றே எழுதுகிறோம். சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு விற்பவருடையது என்பது அதன் பொருள். ஆனால் பெட்டி உங்கள் கையை விட்டு முனையத்துக்குள் போன பின், கப்பலில் ஏறும் வரையிலான நாட்களில் அங்கே நடப்பதை நீங்கள் தடுக்கவோ பார்க்கவோ முடியாது. பெட்டிச் சரக்குக்கு எஃப்.சி.ஏ. பொருத்தமானது, வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்தாளரிடம் ஒப்படைத்ததோடு பொறுப்பு முடிகிறது. வங்கிக்குக் கப்பலில் ஏறிய குறிப்போடு பில் ஆஃப் லேடிங் (சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குப் போக்குவரத்தாளர் தரும் ஆவணம்) வேண்டும் என்ற பழைய தடையையும், இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச விற்பனை நிபந்தனைத் தொகுப்பு தளர்த்தியிருக்கிறது. அந்தக் குறிப்போடு பில்லைத் தரும்படி போக்குவரத்தாளருக்கு வாங்குபவர் உத்தரவிடலாம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ள முடியும்.

ஃப்ரைட்டை நீங்கள் செலுத்துவதானால், சேருமிடத்தில் எத்தனை இலவச நாட்கள் என்பதைப் புக்கிங் செய்யும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பெட்டி முனையத்துக்குள் கிடக்கும் நாளுக்கு டிமரேஜ், வெளியே எடுத்துச் சென்று காலியாகத் திருப்பாத நாளுக்கு டிடென்ஷன் என இரண்டு தனி மீட்டர்கள் ஓடுகின்றன. இரண்டையும் சேர்த்து 14 நாள் தருகிறார்களா, தனித்தனியாக ஏழு ஏழா என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. கப்பல் கிளம்பிய பின் கேட்டால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

பில் ஆஃப் லேடிங் வரைவைத் தாமதமின்றிச் சரிபார்த்துத் திருப்புங்கள், ஏனெனில் கப்பல் புறப்பட்ட பின் செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கட்டணமும் நாளும் போகும். நெடுநாள் பழகிய, பணம் ஒழுங்காக வரும் வாங்குபவர் என்றால், மூலப் பில்லைக் கூரியரில் அனுப்பிக் காத்திருக்காமல், மூலப் பில் இன்றியே சரக்கை ஒப்படைக்கும் சீ வேபில் முறைக்கு மாறலாம். புதியவரிடம் இதைச் செய்யக் கூடாது, ஏனெனில் பணம் வருவதற்கு முன்பே சரக்கு அவர் கைக்குப் போய்விடும்.