ஓடிபி: எண்ணை உருவாக்குவதை விடச் சரிபார்ப்பதில்தான் ஓட்டை அதிகம்

ஓடிபி உருவாக்கும் நிரல் (கோடு) எழுதச் சொன்னால் பலருடைய கை தானாகப் போகும் இடம், ஜாவாஸ்கிரிப்டில் ஏதோ ஒரு எண்ணை எடுத்துத் தரும் மேத்.ரேண்டம். விளையாட்டில் பகடை உருட்ட அது போதும், லாகினுக்கு ஆகாது. பைத்தானின் ரேண்டம் மாட்யூலும் அப்படித்தான். அதன் 32 பிட் வெளியீடுகள் 624 கையில் கிடைத்தால், அடுத்து வரப்போகிற எல்லாவற்றையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். பைத்தானில் சீக்ரெட்ஸ், ஜாவாவில் செக்யூர்ரேண்டம், பிஎச்பியில் ரேண்டம்_இன்ட் என்று இதற்கென்றே இருப்பவற்றைப் பயன்படுத்துங்கள். ஒரு வரி மாற்றுகிற வேலைதான்.

அப்புறம், ஓடிபியை எண்ணாகச் சேமிக்காதீர்கள். 004217 என்பது டேட்டாபேஸில் 4217 ஆகிவிடும். பயனர் சரியாகவே தட்டியிருப்பார், திரையில் ‘தவறான ஓடிபி’ என்று வரும். எழுத்துச்சரமாக வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய ஓட்டை சரிபார்க்கும் இடத்தில் இருக்கிறது. ஆறு இலக்கம் என்றால் மொத்தமே 10 லட்சம் வாய்ப்புகள்தான். கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நம்மைக் காப்பது, எத்தனை முறை முயலலாம் என்ற வரம்பு மட்டுமே. 2019இல் சென்னையைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா இன்ஸ்டாகிராமின் ஆறு இலக்க மீட்புக் குறியீட்டில் காட்டியது இதைத்தான். அங்கே வரம்பு இருந்தது. ஆனால் ஏராளமான ஐபி முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளை அனுப்பியபோது அந்த வரம்பு தாக்குப்பிடிக்கவில்லை. ஃபேஸ்புக் அவருக்கு 30,000 டாலர் பரிசு கொடுத்தது.

‘ஒரே நேரத்தில்’ என்பதைக் கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலான கோடு இப்படி இருக்கும்: முயற்சி எண்ணிக்கையைப் படி, ஐந்துக்குக் குறைவா பார், ஓடிபியை ஒப்பிடு, தவறென்றால் ஒன்று கூட்டு. நூறு கோரிக்கைகள் ஒன்றாக வந்தால் நூறும் பூஜ்யத்தையே படிக்கும், நூறும் உள்ளே போகும். எனவே முதலில் கூட்டுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். வரம்பைப் பார்ப்பதும் ஒன்று கூட்டுவதும் டேட்டாபேஸின் ஒரே அப்டேட் கட்டளையில் நடக்க வேண்டும். ஓடிபியைப் ‘பயன்படுத்தியாச்சு’ என்று குறிப்பதற்கும் இதே முறைதான்.

வரம்பை ஐபிக்கு மட்டும் வைக்காமல் கணக்குக்கும் வையுங்கள். ‘மீண்டும் அனுப்பு’ அழுத்தியதும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவது பரவலாக நடக்கிற தப்பு. ஐந்து முயற்சி, மறுபடி அனுப்பு, இன்னும் ஐந்து என்று போய்க்கொண்டே இருக்கலாம். புது ஓடிபி போனதும் பழையது செத்துவிட வேண்டும், எண்ணிக்கை மட்டும் தொடர வேண்டும்.

டேட்டாபேஸில் ஓடிபியை வெறும் ஹாஷாக (நேரடியாகத் திருப்ப முடியாத உருமாற்றமாக) வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. 10 லட்சம் ஹாஷ்களைப் போட்டுப் பார்க்கச் சாதாரண லேப்டாப்பே போதும். சர்வரிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியோடு எச்மேக் (சாவி கலந்த ஹாஷ்) போடுங்கள்.

போனிலேயே குறியீட்டைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலிகள் பயன்படுத்தும் டிஓடிபியில் (நேரத்தை வைத்துக் கணக்கிடும் ஓடிபி) குறியீடு 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். போனின் கடிகாரம் சற்றுப் பிந்தினால் என்ன செய்வது என்று முன்னும் பின்னும் பத்துக் குறியீடுகளை ஏற்கிறார்கள் சிலர். டிஓடிபிக்கான விதிகளைச் சொல்லும், 2011இல் வந்த ஆர்எஃப்சி 6238 ஆவணம், தாமதத்துக்காக ஒரு படி (ஒரு 30 விநாடி) விட்டுக்கொடுத்தால் போதும் என்கிறது. ஒருமுறை ஏற்ற குறியீட்டை அந்த 30 விநாடிக்குள் மறுபடி ஏற்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, ரிலீஸுக்கு முன் கோடில் 123456 என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். சோதனைக்காக யாரோ வைத்த ‘எப்போதும் செல்லும்’ ஓடிபி இன்னும் அங்கேயே இருக்கலாம்.