கல்லூரி மாணவருக்கு அடிப்படை ஆங்கிலம்: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் வரலாறு எடுத்தாலும் வணிகவியல் எடுத்தாலும் பார்ட் டூ ஆங்கிலம், அதாவது பொது ஆங்கில மொழிப்பாடம், உண்டு. பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தானே என்று பாடத்திட்டத்தில் கவிதையும் கட்டுரையும் சிறுகதையுமாக வைத்துவிடுகிறார்கள். வகுப்புக்குள் போனால் நிலைமை வேறு. அறுபது பேரில் பலருக்குப் புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்தால் வாசிக்கவே தடுமாற்றம். இதைப் பார்க்கும் புது ஆசிரியர், குறிப்பாக முதல் வருடக் கௌரவ விரிவுரையாளர், ‘சரி, அடியிலிருந்து ஆரம்பிப்போம்’ என்று நல்லெண்ணத்தோடு இறங்குவார். எது அடி என்று பார்க்காமல் இறங்குவதில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

மறுபடியும் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்சா?

முதலில் கை போவது இலக்கண வரையறைக்கு. போர்டில் ‘நவுன்’ என்று எழுதி விளக்கம் சொல்லி, எட்டு வகைச் சொல்லையும் முடித்து, பன்னிரண்டு டென்ஸுக்கும் கட்டம் போட்டுவிடுவது. இந்தக் கட்டத்தைப் பள்ளியில் வருடா வருடம் பார்த்தவர்கள் இவர்கள். ‘ஹேஸ் பீன்’ போட்டு ‘ஐஎன்ஜி’ சேர்க்கும் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பஸ் பாஸ் எந்தக் கவுன்டரில் தருகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால்தான் வாய் திறக்காது.

எங்கே இடிக்கிறது என்று பார்க்க லீவ் லெட்டர் ஒன்று போதும். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்’ என்று பிழையில்லாமல் எழுதுவார்கள். அடுத்து, ‘காய்ச்சல் இல்லை, அக்காவுக்கு நிச்சயதார்த்தம், இப்போது எழுது’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர் என்கேஜ்மென்ட்’ என்று வந்து நிற்கும். சிரிப்பு வரும், சிரிக்கக் கூடாது. அந்த வாக்கியம் மொத்தமாக ஒரே துண்டாக மனதில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிரித்து வேறு சொல் வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பாடத்தை அந்தத் துண்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டும் மாற்றிப் பழக்குங்கள். காய்ச்சலுக்குப் பதில் தலைவலி, பல்வலி. அப்புறம் ‘ஐ’க்குப் பதில் ‘மை மதர்’. ‘ஆம்’ இருந்த இடத்துக்கு ‘இஸ்’ வந்தாக வேண்டும். அப்புறம் நேற்று வராததற்கு இன்று கடிதம், ‘வாஸ்’ தேவைப்படுகிறது. கடைசியில்தான் நிச்சயதார்த்தம், அங்கே ‘சஃபரிங்’கையே கழற்ற வேண்டியிருக்கும். டென்ஸ் கட்டத்தில் இருந்ததெல்லாம் இதில் வந்துவிடும். என்ன, ஒவ்வொன்றும் அங்கே எதற்கு வருகிறது என்று மாணவருக்குத் தெரிந்திருக்கும்.

வாசிக்கத் தெரியும் என்று நம்பிவிடுவது

என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான். கல்லூரிக்கு வந்துவிட்டவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாமல் இருக்குமா என்று யாரும் சோதிப்பதில்லை. பழைய பாடப்புத்தகம் ஒன்றை வாங்கிப் புரட்டினால் ஆங்கில வரிகளுக்கு மேலே பென்சிலில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அதை வைத்து வாசிக்கும்போது சரளமாகவே கேட்கும். நடத்தி முடித்த பாடமென்றால் பென்சில்கூடத் தேவையில்லை, பாதி மனப்பாடமாகவே இருக்கும்.

அதனால் முதல் வாரத்தில் ஒவ்வொருவரையும் தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில், பாடத்தில் இல்லாத நான்கு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். கூடவே ‘மிப்’, ‘ஸ்ட்ரேம்’ மாதிரி நீங்களாகக் கோத்த, பொருளில்லாத சொற்கள் நாலைந்து. தெரிந்த சொல்லைப் பார்த்த ஞாபகத்தில் சொல்லிவிடலாம்; இவற்றை எழுத்துக்கூட்டித்தான் சொல்ல முடியும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும். வகுப்பு நடுவில் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லி இதைக் கண்டுபிடிக்கப் பார்த்தால், அந்த மாணவர் மறுநாள் கடைசி பெஞ்சுக்குப் போவார், அடுத்த வாரம் வரமாட்டார்.

தமிழில் எழுத்தும் குறியும் பிடிபட்டுவிட்டால் முன்பின் பார்க்காத சொல்லையும் வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் உச்சரிப்புக் கணக்கில், 44 ஒலியைச் சமாளிக்கிறார்கள். ஆனாலும் ஒழுங்கே இல்லாத மொழி இல்லை. ‘பிட்’டின் கடைசியில் ஓர் ‘ஈ’ சேர்த்தால் ‘பைட்’, ‘ஹாப்’புடன் சேர்த்தால் ‘ஹோப்’, ‘கட்’டுடன் சேர்த்தால் ‘க்யூட்’. பத்தொன்பது வயதில் இதை முதன்முறையாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டதும் முகம் மாறும். ‘கம்’, ‘ஹேவ்’ போல அந்த விதிக்கு அடங்காதவற்றைத் தனிப் பட்டியலாகப் போட்டுப் பழக்கிவிடலாம். தினம் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கினால் ஒரு செமஸ்டருக்குள் வித்தியாசம் தெரியும்.

சின்னப் பிள்ளைச் சரக்கு

அடிப்படை என்றதும் ‘ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால்’ என்று படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவது தவறு. எதிரே இருப்பவர் இரவில் கேட்டரிங் வேலைக்கும் சனி ஞாயிறில் மொபைல் கடைக்கும் போய்வருகிற ஆள். மொழிதான் எளிமையாக இருக்க வேண்டும்; விஷயம் அவர் வயதுக்கு இருக்க வேண்டும். மாத்திரை அட்டை, ஹால் டிக்கெட், வங்கிக் கணக்கு தொடங்கும் படிவம், போனில் வருகிற மெசேஜ் எல்லாமே நல்ல பாடம். பி.காம். வகுப்பென்றால் இன்வாய்ஸ் ஒன்றை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம். அவர்களுக்குத் தெரிந்த சொல் அதில் நிறைய இருக்கும். இதிலாவது நமக்கு ஏதோ தெரிகிறது என்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

தமிழ் பேசினால் ஃபைன்

‘ஒன்லி இங்கிலீஷ்’ என்று சுவரில் ஒட்டிவிட்டால் வகுப்பு ஆங்கிலத்துக்கு மாறாது, மௌனத்துக்கு மாறும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: கதையை வரிக்கு வரி தமிழில் சொல்லி, கடைசியில் கேள்வி பதிலை எழுதிப் போடுவது. பிள்ளைகளுக்குக் கதை பிடிக்கும், ஆங்கிலம் வராது.

தமிழைப் பயன்படுத்த வேண்டிய இடம், இரண்டு மொழியும் முட்டிக்கொள்ளும் இடம். ‘டிடின்ட் யூ பிரிங் தி புக்?’ என்று கேட்கிறீர்கள். ‘எஸ் மேம்’ என்கிறார் மாணவர். ‘அப்போ எடு’ என்றால் விழிக்கிறார். தமிழில் ‘கொண்டுவரலையா?’ என்றால் ‘ஆமா மேம், கொண்டுவரலை’ என்பதுதான் இயல்பான பதில். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘நோ’ வர வேண்டும். மாணவர் பொய் சொல்லவில்லை, திமிராகவும் பேசவில்லை. இதைத் தமிழிலேயே இரண்டு நிமிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ‘எனக்கு ரெண்டு தங்கச்சி இருக்காங்க’ என்பது ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’ ஆவதும் அப்படித்தான். ‘எனக்கு’ என்பதை ‘டு மீ’ என்று வைத்துக்கொண்டு திணறுபவரிடம் ஆங்கிலத்திலேயே விளக்கிக்கொண்டிருப்பது நேர விரயம்.

எல்லாவற்றையும் திருத்துவது

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பக்கம் முழுக்கச் சிவப்பு. மாணவர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் அதை மட்டும் திருத்துங்கள். ‘ஹி கோ’ என்று ‘எஸ்’ விட்டு எழுதுவதைப் பெரிய குற்றமாக எடுக்காதீர்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கு அந்த ‘எஸ்’ தாமதமாகத்தான் கைகூடும் என்று ஆய்வாளர்கள் 1970களிலிருந்தே சொல்லிவருகிறார்கள். ‘ஹி டிட் நாட் வென்ட்’ என்று எழுதுபவர் இறந்தகாலத்தை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார். அதாவது இறந்தகாலம் வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது, எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்று கேட்டு, ‘எஸ் சார்’ என்ற கோரஸை நம்புவதும் வேண்டாம். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லிவிட்டு வரிசைக்குள் நடந்து எட்டிப் பாருங்கள், போதும்.

நேரக் கணக்கு

பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே பாலமாக வைக்கும் முப்பது மணி நேர பிரிட்ஜ் கோர்ஸில் சரளமாகப் பேசவைப்போம் என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 2001இல் வெளியான மொழித்திறன் அளவுகோலில் கீழிருந்து இரண்டாம் படி ‘ஏ2’. அறிமுகமான விஷயங்களை எளிய வாக்கியத்தில் பேசி எழுதுகிற நிலை அது. ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து அதை எட்ட வகுப்பில் மட்டுமே 180 முதல் 200 மணி நேரம் ஆகும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனத்தின் மதிப்பீடு. நம்மிடம் வாரத்துக்கு ஆறு பீரியட் என்றால் பதினைந்து வாரத்தில் 90. அதிலும் ஒரு பீரியடில் அறுபது பேரை ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. பக்கத்தில் இருப்பவரோடு இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டால் அதே பீரியடில் எல்லோரும் வாய் திறந்திருப்பார்கள். கொஞ்சம் இரைச்சலாகத்தான் இருக்கும். அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பின்தங்கியவர்களுக்கான ரெமடியல் வகுப்பை மாலை நான்கு மணிக்கு வைப்பதும் பலன் தராது. யாருக்கு அது தேவையோ அவருக்குத்தான் ஊருக்குப் போகிற பஸ் நான்கே காலுக்கு. ‘தமிழ் மீடியமெல்லாம் இருங்க’ என்று பிரித்துக் கூப்பிடுவது அதைவிட மோசம். வழக்கமான பீரியடுக்குள்ளேயே, முதல் வாரச் சோதனையை வைத்து, வெவ்வேறு அளவில் தாள் தயாரித்துக் கொடுக்கலாம். வேலை கூடுதல்தான், ஆனால் ஒரு வருடம் தயாரித்தது அடுத்த வருடமும் உதவும்.

கைடை மனப்பாடம் செய்து பாஸ் செய்ய முடிகிறவரை இதையெல்லாம் மாணவர் ஏன் மெனக்கெட்டுச் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பல பல்கலைக்கழகங்களில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, அது ஆசிரியர் கையில் இல்லை. மீதி 25 இன்டர்னல். அதையும் பழைய கேள்வித்தாள் டெஸ்ட்டாகவே வைக்காமல், புதுப் பத்தியை வாசிப்பது, காரணம் மாற்றிய லீவ் லெட்டர், பக்கத்து ஆளோடு இரண்டு நிமிட உரையாடல் என்று பிரித்துப் போட்டுவிட்டால், கைடில் அதற்கு விடை இருக்காது.